இறங்க இறங்க ஏறுவது

சாவியே இல்லாத வண்டிக்குச் சாவி தேடிச் சட்டைப்பையைத் தடவிவிட்டுத்தான் சென்னியப்பன் ஒவ்வொரு தடவையும் கிளம்புவார். அன்றைக்குக் காலையிலும் தடவினார், பக்கத்து சீட்டில் தெய்வானை அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அவள் சொல்லாமல் விட்டால் சொன்னதைக் காட்டிலும் எச்சாகக் காதில் விழும் என்பது கல்யாணமான மாசத்திலேயே அவருக்குப் பிடிபட்டுப் போன சங்கதி. பொத்தானை அமுக்கியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் திரை முழித்துக்கொண்டது. பதினொன்று. நூற்றுக்குப் பதினொன்று. நேற்றுச் சாயங்காலம் கோத்தகிரி வந்து சேர்ந்தபோதும் இதே பதினொன்றுதான்; ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பித்தான் தெய்வானையின் பெரியப்பா மகன் வீட்டுக் காதுகுத்துக்கு இந்த வண்டியில் மலையேறியது, வந்து பார்த்தால் மழையில் டிரான்ஸ்பார்மர் புகைந்துபோய் அந்த வரிசை வீடுகள் அத்தனையிலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. விடிந்தும் கரண்ட் வரவில்லை. மகள் சுகந்திக்கு போன் போட்டார். இந்த வண்டியின் வயிற்றில் இருக்கிற பாட்டரி அவளும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரும் கோயமுத்தூரில் ஒரு பழைய பம்பு ஷெட்டுக்குள் உட்கார்ந்து செய்தது, ஊரெல்லாம் லித்தியம் லித்தியம் என்று ஓடிக்கொண்டிருக்க இவர்கள் மட்டும் சோடியம், அதாவது உப்பில் இருக்கிற சாமான், அதை ஒரு பழைய கரண்ட் காரில் பொருத்தி அப்பனிடம் ஓட்டிப் பாருங்கள் என்று கொடுத்திருக்கிறாள். "பதினொண்ணா? தாராளம்ப்பா. எறங்கறப்ப சக்கரம் மோட்டாரைச் சுத்தும், அதுவே கரண்ட்டை ஏத்திக்கும். கியரை டி-ல போட்டுட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துருங்க, வேணுங்கிறப்ப பிரேக்கை லேசாத் தொடுங்க. கீழ வர்றப்ப பதினொண்ணுக்கு மேலதான் இருக்கும்." ஸ்பீக்கரில் போட்டது தப்பாகிவிட்டது. "ஏறுமாக்கும்?" என்று தெய்வானை தலையை நுழைத்தாள். "மலையில இருந்து தண்ணி எறங்கும், கல்லு எறங்கும், கரண்ட்டு மட்டும் ஏறுமாக்கும்? சரி சாமி, ஏறட்டும். கீழ போய்ச் சேர்றப்ப பதினொண்ணுக்கு மேல ஒண்ணு எச்சா இருந்தாலும் அந்தக் காலேஜ் வேலைப் பேச்சை நான் எடுக்கல. கொறைஞ்சிருந்துதுன்னா உன்ற மாமனுக்குச் சரின்னு சொல்லிருவேன், நீ அந்த ஷெட்டைப் பூட்டிப்போட்டு வேலைக்குப் போற." மறுமுனையில் ஒரு மூச்சு இழுக்கிற நேரம் சத்தமே இல்லை, அதற்கப்புறம் "சரிம்மா" என்றாள் சுகந்தி. அந்த ஒரு மூச்சுதான் இப்போது சென்னியப்பனின் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது, காதுகுத்து விருந்தில் தின்ற பணியாரத்துக்கு மேலே.

தெய்வானையின் தம்பி பொன்னுசாமி அவிநாசிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் யார் யாரையோ பிடித்து லெக்சரர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறான், இன்றைக்கு மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். நல்ல மனுசன்தான், அக்கா மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன், ஆனால் உப்பு பாட்டரி என்று கேட்ட நாளில் இருந்து அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போன மாசம் சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில், "ஏனுங்க மாமா, மழை பேஞ்சா வண்டி கரைஞ்சிருமுங்களா?" என்றான். "ஊறுகாய்ப் பாட்டிலையும் சேத்து மாட்டுனா எச்சா ஓடுமுங்களா?" என்றான். சென்னியப்பன் சும்மா இருந்திருக்கலாம், இருந்தாரா? போன வாரம் பல்லடத்தில் வண்டியை நிறுத்தியபோது ஆடு ஒன்று வந்து பேனட்டை நக்கியது, அந்த நாக்குச் சுகத்துக்கு நாலு கிலோமீட்டர் வண்டி பின்னாலேயே ஓடிவந்தது, கடைசியில் ஆட்டுக்காரன் வந்து நம்மோடு சண்டைக்கு நின்றான் என்று எடுத்துவிட்டார், பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது, அவரும் சிரித்தார், இலைக்கு எதிரே சுகந்தி மட்டும் சிரிக்காமல் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தாள். அது இப்போது ஏன் ஞாபகத்துக்கு வருகிறது, முதல் வளைவில் பனி இறங்கிக் கண்ணாடியை மூடுகிறது, வைப்பரைப் போட்டார், வைப்பருக்கும் அதே பாட்டரிதானே என்று நிறுத்தினார், ஒன்றும் தெரியாமல் போகவே மறுபடி போட்டார். வெளியில் தேயிலைச் செடிகள் நனைந்த கம்பளி மாதிரி மலையெல்லாம் விரிந்து கிடந்தன. குளிருக்கு இந்த பாட்டரி அசராது என்று சுகந்தி சொல்லியிருக்கிறாள். கனம் ஜாஸ்தி, கொள்வது கம்மி, லித்தியம் நூறு மைல் ஓடுகிற எடைக்கு இது எழுபதுதான் ஓடும், அதையும் அவளே சொல்லிவிடுவாள், கேட்கிறவன் கேட்பதற்கு முன்னாலேயே குறையைச் சொல்லிவிடுகிற பிள்ளை, அப்படி ஒரு வியாபாரத்தை யார் எங்கே பார்த்தார்கள். அவள் சொல்வதில் ஒரு பொட்டுக் கூடுதல் இருக்காது. அப்புறமும் ஒறம்பரை சொந்தபந்தத்தில் ஒருத்தர் நம்புவதில்லை. சென்னியப்பன் மகள்தானே, அப்பனை மாதிரியே அளக்கிறாள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோலியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அங்கேதான் நினைப்பு முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழியும், அதனால் அவர் இழுக்கவில்லை, வளைவைப் பார்த்தார்.

சத்தமே இல்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, என்ன சுகம், வெண்ணெய் மேல் கத்தி போகிற மாதிரி. பம்பு கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்த காலத்தில் இந்த மலையில் பியட் வண்டியில் ஏறாத மாசமில்லை, இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மேட்டுப்பாளையம் ரயில்வே கேட்டில் போய்த்தான் மறுபடி கியர் போடுவார், போலீஸ்காரர் பார்த்தால் திட்டுவார், இப்படி இறங்கினால் எமனுக்குத் தபால் போட்ட மாதிரி என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள், ஆனால் அவருடைய மைலேஜை அந்தக் கம்பெனியில் எவனும் தொட்டதில்லை. ஒரு தடவை கோடநாட்டு மழையில் தவளை ஒன்று கார்புரேட்டருக்குள் புகுந்துகொண்டு, கோயமுத்தூர் வரைக்கும் இன்ஜின் தவளைக் குரலிலேயே ஓடி, அவிநாசி ரோட்டில் மழை வரப்போகிறது என்று ஜனங்கள் துணி எடுக்க ஓடினார்கள். அது நடந்ததா? தவளை நிஜம். பேனட்டைத் திறந்தபோது உட்கார்ந்திருந்தது, சின்னது, கட்டைவிரல் அளவு. மற்றதெல்லாம் சொல்லச் சொல்ல வளர்ந்தது, அது அவர் தப்பா, கேட்டவர்களும்தான் தண்ணி ஊற்றினார்கள். பத்து. திரையில் பத்து. சென்னியப்பன் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார், பத்துதான். பதினொன்று எப்போது போயிற்று, எந்த வளைவில் கழன்று விழுந்தது? கிளம்பிய இடத்தில் ஒரு மேடு இருந்தது, அதற்கு ஒன்று போயிருக்கும், அது பரவாயில்லை, இனிமேல் இறக்கம்தானே, இனிமேல் ஏறும். இன்ஜின் வண்டி என்றால் முக்கல் முனகலில் அதன் மனசு தெரியும், இது ஒன்றும் காட்டிக்கொள்ளாத வண்டி, நம்பரைத் தவிர. பக்கத்து வீட்டு டாக்டரின் கரண்ட் வண்டி வேறு ஜாதி, முப்பது முப்பது என்று காட்டிக்கொண்டே வந்து ஒரு நாள் சிங்காநல்லூர் சிக்னலில் பொசுக்கென்று படுத்துக்கொண்டது. "அந்த வகை பாட்டரி கடைசி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கும்ப்பா, எவ்வளவு மிச்சம்னு கணிக்கறது கஷ்டம். நம்முளுது படிப்படியா எறங்கும். மறைக்கத் தெரியாது," என்றாள் சுகந்தி. மறைக்கத் தெரியாத பாட்டரி. வந்து பிறந்த வீட்டைப் பார். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இடது தோளில் ஒரு குத்தல் வந்தது, இது வாய்வுதான், பணியாரத்தின் வேலைதான், டாக்டர்கூடப் போன மாசம் உங்களுக்கு இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது என்றார், எவ்வளவு என்று கேட்டதற்கு அந்த ஆளும் சொல்லாமல் சிரித்தார். ஒன்பது.

"ஒம்போதாயிருச்சுங்க," என்றாள் தெய்வானை. தூங்குகிறாள் என்று நினைத்திருந்தார், மஃப்ளருக்குள் இருந்து ஒரு கண் திரையைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது. "பாத்தேன், பாத்தேன். பனி புள்ள, லைட்டு வைப்பர் எல்லாம் ஓடுதுல்ல." "லைட்டு போட்டா கரண்ட்டு போகும்னு உங்க மகளுக்குத் தெரியாதாக்கும்?" "ஏறும் புள்ள, சித்த பொறு." "எங்கீங்க ஏறுது? பாதி மலை வந்தாச்சு." அவள் குரலில் ஜெயித்த குரல் இல்லை, அவள் ஜெயித்தால் ஜெயித்த மாதிரி பேசுவாள், அதுதான் அவள் வழக்கம், இப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசினால் எங்கேயோ நிஜமாகவே காரியம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். ஷெட்டைப் பூட்டுவாள் சுகந்தி. சொன்னால் செய்கிறவள். காலையில் சேலை கட்டிக்கொண்டு காலேஜ் பஸ்ஸில் ஏறுவாள், கேட்டால் நல்லா இருக்கேன்ப்பா என்பாள், அந்த ஒரு பொய்யை மட்டும் அவளுக்கு நாம் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவள் கணக்கு தப்பாகிப் போயிருக்குமா? தப்பாகலாம், யாருக்கும் தப்பும். ஆனால் இத்தனை பேர் சிரித்த பிறகு அவள் கணக்கு தப்பக் கூடாது, சிரித்தவர்களுக்கு முன்னால் கூடாது, ஆடு நக்கிய கதையைச் சொன்னவன் ஓட்டுகிறபோது கூடவே கூடாது. எதிரே ஒரு பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது, ஒதுங்கி நின்றார், பஸ்ஸின் சூடான புகை ஜன்னல் வழியாக வந்து மூக்கில் ஏறியது, ஒரு காலத்தில் அது அவருக்கு வாசனை. பஸ் போனதும் பிரேக்கில் இருந்து காலை எடுத்தார், வண்டி தானாக உருண்டது, லேசாக, இறக்கத்துக்கு இசைந்து, யாரும் பிடிக்காத மாதிரி. யாரும் பிடிக்காத மாதிரி. "ஏனுங்க," என்றாள் தெய்வானை, வெளியே பார்த்துக்கொண்டு, "மொத வளைவுல அந்தத் திருகியை ஒரு தட்டுத் தட்டுனீங்களே, அது எதுக்கு? சுகந்தி அப்படியொண்ணும் சொல்லக் காணமே." எந்தத் திருகி என்று கேட்க வாயைத் திறந்தவர் கீழே பார்த்தார், சீட்டுக்கு நடுவில் உருண்டையாக இருக்கிற கியர்க் குமிழ், அதற்கு நேராகத் திரையின் மூலையில் ஒரு சின்ன எழுத்து, டி இல்லை, என். நியூட்ரல். கெரகம். கை போட்டிருக்கிறது. அவர் போடவில்லை, கை போட்டிருக்கிறது, பியட்டில் பழகிய கை, இறக்கம் வந்தால் விடு என்று பழகிய கை, மூளையைக் கேட்காமல், மைலேஜ் சூரன் கை. நியூட்ரலில் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, மலை கொடுத்ததையெல்லாம் பிரேக் கட்டை சூடாக்கிக் காற்றில் விட்டிருக்கிறார், இத்தனை வளைவும்.

சொல்லிவிடலாமா, இதுவரை நான் தப்பாக ஓட்டினேன், பந்தயத்தை இங்கே இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று? நம்ப மாட்டாள். தோற்கப் போகிறபோது நொண்டிச் சாக்கு என்பாள், யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். குமிழைத் திருகினார். டி. உடனே யாரோ பின்னால் இருந்து வேட்டியைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி ஒரு நிதானத்துக்கு வந்தது, அடியில் இருந்து மெல்லிய ஒரு ரீங்காரம், மாவு மில்லைத் தெருக்கோடியில் இருந்து கேட்கிற மாதிரி, திரையில் இதுவரை செத்துக் கிடந்த ஒரு பச்சைக் கோடு எழுந்து நின்றது. பிரேக்கைத் தொட்டார், கோடு நீண்டது. ஆ, இதுதானா. காலை எடுத்தார், தொட்டார், எடுத்தார். மலை கொடுக்கிறது, வண்டி வாங்கிக்கொள்கிறது, பசு கன்றுக்குச் சுரக்கிற மாதிரி தானாக. நம்பர் மட்டும் ஒன்பதிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. பனி போய் வெயில் வந்தது, மரங்கள் உயர்ந்தன, தேயிலை முடிந்து காடு ஆரம்பித்தது, ஒரு குரங்கு பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஆபீசர் மாதிரி உட்கார்ந்திருந்தது, பார்த்துச் சிரித்துத் திரும்பினால் பத்து. பத்து! சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் கூச்சப்பட்டு மறுபடி இறங்கிவிடும் என்று ஒரு பயம். குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ வாசனை ஜன்னலுக்குள் மொத்தமாக இறங்கியது, இந்த வாசனைக்குத்தான் யானை வரும், இங்கேதான் ஒரு யானை பியட்டைப் பின்னால் இருந்து முட்டி மேட்டில் ஏற்றிவிட்டது என்று ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறார், முட்டவில்லை, பார்த்தது, பார்த்துவிட்டுத் தன் வழியில் போனது, அந்தப் பார்வை போதாதா, அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள், முட்டினால்தானே கேட்கிறார்கள். சுகந்தி ஒரு நாள் ஷெட்டில் ஒரு சின்ன பாட்டரியை அடிமட்டம் வரைக்கும் காலி பண்ணி மேசை மேல் வைத்தாள், பூஜ்யம், சுத்தமாகப் பூஜ்யம். "லித்தியத்தை இப்படிப் பண்ணுனா அதோட கதை முடிஞ்சுதுப்பா. இது தூங்கும். மாசக்கணக்குல தூங்கட்டும், எழுப்புனா எந்திரிச்சுக்கும்." அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லாத கனம், ஆனால் கனம். நல்ல ஏற்பாடு, எல்லாருக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் என்ன, பூஜ்யத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்வது, எழுப்பினால் எழுந்துகொள்வது, எழுப்பாவிட்டாலும் பாதகமில்லை. தோள் குத்தல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. பதினொன்று.

பதினொன்றில் நம்பர் ஆணி அடித்த மாதிரி நின்றது. முன்னால் ஒரு முட்டைக்கோஸ் லாரி, அதற்கு அவசரமே இல்லை, பின்னால் ஒரு டூரிஸ்ட் வேன் ஹாரனால் கழுத்தில் குத்துகிறது. மிச்சம் இருக்கிற இறக்கம் எவ்வளவு? கீழே மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்புகள் தெரிய ஆரம்பித்துவிட்டன, பவானி ஒரு வெள்ளிக் கம்பியாகக் கிடந்தது, தெரிய ஆரம்பித்தால் மலை தீரப்போகிறது என்று அர்த்தம், இது முதல் தடவையாக மலை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் தேவலை என்று அவர் நினைத்தார். சமமாக இருந்தாலும் தோல்விதான், மேல ஒண்ணு எச்சா என்றுதானே பேச்சு. வேனைத் தாண்டிப் போகவிட்டார். லாரியோடு அடங்கி, அது நின்றால் நின்று, உருண்டால் உருண்டு, கால் நுனியால் பிரேக்கைத் தடவித் தடவி, தூளியில் பிள்ளை முழித்துக்கொள்ளாமல் ஆட்டுகிற பக்குவத்தில் இறங்கினார். வாய் பேசவில்லை, கதை ஒன்றும் வரவில்லை, அது அவருக்கே ஆச்சரியம், இத்தனை நேரம் கதை வராமல் இருந்தது தூங்கும்போதுகூடக் கிடையாது. அப்போதுதான் ஒன்று உறைத்தது, தாமதமாக, சூடு ஆறிய பிறகு வலிக்கிற மாதிரி: திருகியைச் சொன்னது யார்? கை போட்ட நியூட்ரலைக் கண்டுபிடித்துச் சொன்னது யார்? சொல்லாமல் இருந்திருந்தால் மலையடிவாரத்தில் எட்டோ ஏழோ காட்டியிருக்கும், காலேஜ் வேலை கைக்கு வந்திருக்கும், பொன்னுசாமி லட்டு வாங்கியிருப்பான். முதல் வளைவில் பார்த்திருக்கிறாள், ஒன்பது வரைக்கும் பொறுத்திருக்கிறாள், அதற்கு மேல் அவளாலும் பொறுக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தார். மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையும் கோத்து, சாமி முன்னால் நிற்கிற மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு அசைகிறதா என்ன. "பன்னெண்டு," என்றாள், அவர் பார்ப்பதற்கு முன்னால். கொஞ்ச தூரம் போய், "பதிமூணுங்க," என்றாள். அதற்கப்புறம் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள், ஜன்னலை இறக்கினாள், கீழ்க்காற்று வெதுவெதுப்பாக உள்ளே வந்தது, பாக்கு மட்டை காய்கிற வாசனை.

ரோடு சமமானது. திரையில் பதினைந்து. நிழல் பார்த்து ஓரத்தில் நிறுத்தினால் நல்லது என்று நினைத்தார், ஆனால் நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஏதாவது பேச வேண்டிவரும். இப்படியே போகலாம், தோப்புக்கு நடுவில், காலை வெயிலில், வயிற்றில் பணியாரம் செரித்து, பக்கத்தில் தெய்வானை, அடியில் உப்பு, இதற்கு மேல் ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும், ஒரு டீ வேண்டும், அதையும் மேட்டுப்பாளையத்தில் வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குடித்துக்கொள்ளலாம். போன் அடித்தது. தெய்வானையின் போன், பொன்னுசாமி. அவள் எடுத்தாள், ஸ்பீக்கரில் போடாமலே அவன் குரல் வண்டிக்கு வெளியே வரைக்கும் கேட்கும். "அக்கா, என்னக்கா, மலையெறங்கீட்டீங்களா? வண்டி எந்த வளைவுல படுத்துக்கிச்சு? ஆள் அனுப்பட்டுமா? காலேஜ்ல கேக்கறாங்க, என்னன்னு சொல்றது?" தெய்வானை தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். சென்னியப்பன் நாற்பது வருசத்துக்கு மேல் பார்த்திருக்கிறார், பால்காரனிடம்கூட ஒரு டம்ளரைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதவள். "வேலையெல்லாம் வேண்டாந்தம்பி. அவளுக்கு அங்க ஷெட்டுல ஜோலி கிடக்குது," என்றாள். "படுக்கறதா? நீ வேற. காலி வண்டியாத்தான் கிளம்புனோம், பாதி ரொம்பிருச்சு. குஞ்சப்பனை கிட்ட ஒரு டூரிஸ்ட் வேன், பெட்ரோல் வண்டி, அப்படியே நின்னு போச்சு, பதினஞ்சு பேரு, குழந்தை குட்டியோட, பாவம். உங்க மாமாதான் கயித்தைப் போட்டு நம்ம வண்டியில கட்டி மேட்டுப்பாளையம் வரைக்கும் இழுத்துட்டு வந்தாரு. ஆமாந்தம்பி. என்ற கண்ணால பாத்தேன். அந்த டிரைவர் காலைத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போறான்." பொன்னுசாமிக்குச் சிரிக்கத் தெரியவில்லை, அக்கா சொல்கிறாளே. சென்னியப்பன் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார், கயிறு எங்கிருந்து வந்தது, குழந்தை குட்டி எங்கிருந்து வந்தது, அந்த டிரைவர் காலைத் தொட்டது இருக்கிறதே, அது அவருக்கே தோன்றியிருக்காது. போனை மடியில் வைத்த தெய்வானை அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."